கம்பெனி சாமான்

கிட்ட வாங்க கண்ணுங்களா, அந்தக் கைபேசியைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். ஒரு ஜீப் கதை சொல்கிறேன். காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

"ஐயோ, இன்னாண்ணா பண்றீங்க! அது பட்டு நூலில்ல, ரப்பரு!"

மெக்கானிக் சார்லி பதறிப்போய், தருமன் கையிலிருந்த தீக்குச்சியை ஊதி அணைத்தான்.

ஆரணியில் பட்டு வாங்குகிறவர்கள் நூலின் நுனியைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார்கள். முடி கருகிய வாசம் வந்தால் அசல். பட்டுச்சேலை நெய்து விற்கிற தருமனுக்கு ஜீப் சாமானையும் அப்படித்தான் சோதிக்கத் தெரிந்தது.

"அசலான்னு பாத்தேன்டா."

"அசலுதாண்ணா. இப்ப அந்த சீலு போச்சு. இருங்க, வேற தரேன்."

ஜீப்பின் முன்சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் தண்டில் ஒரு மூட்டு தேய்ந்திருந்தது. சார்லி அதை 'கிராஸ்' என்பான். பெஞ்சின் மேல் புதிதாக இரண்டை எடுத்து வைத்திருந்தான்.

"இது கம்பெனி சாமான். அது டூப்ளிகேட்டு, பாதி விலை. தார் ரோட்டுல அதுவும் ஓடும். ஆனா உங்க கோயிலுக்குப் போற ஏரிச்சேத்துல நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கணும். அங்க தாங்காது, பட்டுனு போயிடும்."

"ஐயையோ, வண்டி கவுந்துடுமா?" என்று கேட்டாள் தருமனின் மனைவி சூர்யகலா.

"அதெல்லாம் இல்லக்கா. சேத்துல அப்படியே குந்திக்கும். பேஜார்தான்."

"போலிய என் கண்ணுல காட்டாதடா!" என்றார் தருமன். "கம்பெனி சாமானையே போடு. போலியாலதான் என் வூடே ரெண்டாவுது."

அவர் சொன்னது தம்பியை. தென்னரசு போலி ஜரிகை போட்டு விலை குறைந்த சேலை நெய்யத் தொடங்கிய நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. ஒரே கூடத்தில், அடுத்தடுத்த தறியில் உட்கார்ந்தும் இல்லை. கூடத்தின் நடுவே சுவர் எழுப்ப, வாசலில் செங்கல்கூட இறக்கியாகிவிட்டது. சந்தவாசல் பக்கம் குலசாமிக்கு இருவரும் சேர்ந்துதான் பொங்கல் வைக்க வேண்டும். போன வருஷம் பானையே ஏறவில்லை. இந்த வருஷம் வீட்டுப் பெண்கள் ஒற்றைக் காலில் நின்று சம்மதிக்க வைத்திருந்தார்கள். பொங்கல் முடிந்ததும் சுவர் வேலை.

"நீங்க போயி தறியப் பாருங்க. மாட்டி முடிக்கற வரைக்கும் நான் இருந்து பாத்துக்கறேன்," என்றாள் சூர்யகலா.

ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் விடியலிலேயே பஸ்ஸில் போய், குறுகலான ஏரிக்கரை மேல் நடந்து கோயிலை அடைந்துவிட்டார்கள். பானை, அரிசி, விறகோடு ஜீப்பில் அண்ணனும் தம்பியும்.

ஆரணியிலிருந்து சந்தவாசல் வரை ஒரு வார்த்தை இல்லை. வழியில் தென்னரசு தும்மினான். 'நூறாயுசு' என்று சொல்ல வாயெடுத்த தருமன், அதை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

ஏரிச்சேறு வந்தது. நாலு சக்கரமும் இழுப்பதற்கான லீவரைத் தருமன் தள்ளினார். ஜீப் முக்கியது. அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். பின்சக்கரங்கள் மட்டும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்ற, ஜீப் உட்கார்ந்துவிட்டது.

தென்னரசு இறங்கி, அடியில் கைவிட்டுத் துழாவி, உடைந்த துண்டோடு நிமிர்ந்தான்.

"ண்ணா! இதான் கம்பெனி சாமானா? முறுக்கு மாதிரி உடைஞ்சிருக்குது!"

ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த 'ண்ணா'. அதைக் கவனிக்கிற நிலையில் தருமன் இல்லை.

"டேய், கொளுத்திப் பாத்து வாங்கினேன்டா!"

"ரப்பரையா கொளுத்தின?" தென்னரசு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "நான் போலி ஜரிகைய போலின்னு சொல்லித்தான் விக்கறேன். நீ அசலுன்னு நம்பி போலிய மாட்டிகினு வந்துகீறியே!"

"வாய மூடிகினு வந்து தள்ளுடா."

"நீ தள்ளு. நான் ஸ்டீரிங் புடிக்கறேன்."

"தம்பின்னா தள்ளணும்டா!"

தள்ளப்போன இடத்தில் அண்ணன் சறுக்கி விழுந்தார். தூக்க வந்த தம்பி அவர் மேலேயே விழுந்தான். சேற்றில் உட்கார்ந்தபடி இருவரும் சிரித்த சிரிப்பில் ஏரிக் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

"டயருக்கு அடியில போட கல்லு கில்லு இருந்தா ஏறிடும்," என்றான் தென்னரசு.

தருமன் முகத்துச் சேற்றை வழித்துப் போட்டார். "வாசல்ல ஒரு லோடு செங்கல்லு வீணா கெடக்குதே. நாளைக்கு அத்த கொண்டாந்து இந்தப் பள்ளத்துல கொட்டிடலாம்டா."

தென்னரசு அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "பானைய பாத்து எடுத்துகினு வாண்ணா," என்றான்.

கோயில் வேப்பமரத்தடியில் காத்திருந்த சூர்யகலாவும், தென்னரசின் மனைவி ரேணுகாம்பாளும் எழுந்து நின்றார்கள். ஏரிக்கரை மேல் தலை முதல் கால் வரை சேறாக இரண்டு உருவங்கள் வந்துகொண்டிருந்தன. வாய் மட்டும் ஓயவில்லை.

"அந்த சார்லிய இன்னிக்கு சும்மா விடமாட்டேன்!" என்று தருமன் கத்துவது இங்கே வரை கேட்டது.

"பேசறாங்கக்கா!" ரேணுகாம்பாள் ஓரகத்தியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சார்லி அண்ணன்தான் பாவம்."

"அவனுக்கு ஜல்தி போன் போடு," என்ற சூர்யகலா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூசைப் பையின் அடியிலிருந்து கனமான ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "ஸ்பேனரு மட்டும் எடுத்துகினு வந்தா போதும்னு சொல்லு. கம்பெனி சாமான் நம்மகிட்டதான் இருக்குது."

உங்கள் வீட்டு வண்டி எந்தச் சேற்றில் நின்றாலும், அதில் போனவர்கள் பேசிக்கொண்டே வீடு வந்து சேரட்டும் கண்ணுங்களா. உங்கள் பானையும் பொங்கி வழியட்டும்.