மூன்றாவது முறை கழன்ற கம்பி

நாத்தனார் உள்ளே நுழைந்தபோது, மருமகள் ஏணி உச்சியில் நின்று சீலிங்கில் ட்ரில் போட்டுக்கொண்டிருந்தாள். தலை முழுக்க சிமென்ட் தூள்.

கூடத்தின் மூலையில் மாமனாரின் கட்டில். பக்கவாதம் வந்து நாலு மாதமாகிறது. இடது பக்கம் இன்னும் சரியாக ஒத்துழைக்கவில்லை. கட்டிலைச் சுற்றி ஒரு திரை. அந்தத் திரைக்கம்பிதான் சீலிங்கிலிருந்து பிடி விட்டுத் தொங்கியது. இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை.

மாமனாரை மகன் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தான். அவர்கள் திரும்புவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்றாள் மருமகள்.

நாத்தனாருக்கு அந்தத் திரையைக் கண்டாலே ஆகாது. அப்பாவை மூலையில் போட்டு மூடி வைத்திருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் போனில் சொல்லியாகிவிட்டது. இன்று நேரிலேயே கேட்டாள்.

"தானா கழண்டதை அப்படியே விட்டுத் தொலைச்சா என்ன? எங்கப்பா முகத்தைப் பார்க்க அவ்வளவு கசக்குதா உனக்கு?"

மருமகள் ட்ரில்லை மறுபடி ஓட விட்டாள். கல்லுளிமங்கி என்று முணுமுணுத்தபடி நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பழைய ஓட்டை அகலமாகி, தொட்டாலே உதிர்ந்தது. மருமகள் நாலு விரல் தள்ளிப் புதிதாக ஓட்டை போட்டாள். பாதியிலேயே ட்ரில் கான்கிரீட்டுக்குள் இருந்த முறுக்குக் கம்பியில் முட்டி நின்றது. இறங்கினாள், ஏணியை நகர்த்தினாள், மறுபடி ஏறினாள். தோள் வலித்தபோது கையை உதறிக்கொண்டாளே தவிர, வேலையை விடவில்லை. ரெண்டு பிடிப்பு இருந்த இடத்தில் ஆறு பிடிப்பு வைத்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இனி ஒரு சுற்று கூட முடியாது என்கிற வரை முறுக்கினாள். பழைய கம்பியை ஓரமாகப் போட்டுவிட்டு, இரும்புத் தண்ணீர்க் குழாய் ஒன்றைத் தூக்கி மாட்டினாள்.

"ஒரு மனுஷனை மறைக்க இவ்வளவு ஏற்பாடா?" என்றாள் நாத்தனார்.

மருமகள் கெட்டித் துணியில் தைத்த புதுத் திரையைக் கோத்தாள். கீழே இறங்கி, திரையை முறுக்கிப் பிடித்து, ரெண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு தொங்கினாள்.

நாத்தனார் பதறி எழுந்தாள். பைத்தியமா உனக்கு, மறுபடி பிடுங்கிக்கொண்டு வரப்போகிறது என்று திட்டினாள்.

சீலிங்கிலிருந்து ஒரு பொட்டுத் தூள்கூட விழவில்லை. மருமகள் காலை ஊன்றி, அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"என் கனத்தைத் தாங்குச்சுன்னா மாமாவையும் தாங்கும்க்கா. மத்தியானம் நாங்க அசந்து தூங்குறோம்னு நினைச்சு, இந்தத் திரையைப் பிடிச்சுத்தான் எழுந்து நின்னு பழகுறாரு. முந்தாநாள் கழண்டப்ப நல்லவேளை, கட்டில் மேலயே சாய்ஞ்சுட்டாரு."

நாத்தனார் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்கர் வாங்கித் தந்தால் ஆகாதா என்று மெதுவாகக் கேட்டாள்.

"வாங்கினோம். தொட மாட்டேன்னுட்டாரு. தடுமாறுறதை யாரும் பார்க்கக் கூடாதாம் அவருக்கு. திரை போடச் சொன்னதே அவர்தான்."

வாசலில் கார் வந்து நின்றது. மருமகள் அவசரமாகத் துடைப்பத்தை எடுத்தாள்.

"அவர்கிட்ட எதுவும் கேட்டுடாதீங்கக்கா. காத்துல கழண்டுச்சுன்னு சொல்லியிருக்காரு. நான் அதை நம்பிட்டதாவே இருக்கட்டும்."