மூடியின் உட்புறம்

ஞாயிறுதோறும் வெந்நீரில் குளித்து முடித்ததும், தையற்காரர் குளியலறையிலேயே அமர்ந்து, ரிமோட்டில் ஓடும் தம் பொம்மைப் பீரங்கி வண்டிக்குத் தண்ணீர் புகாதபடி கிரீஸ் தடவி மூடியைப் பூட்டுவார். மற்ற அறைகளில் நூல்பஞ்சு பறந்து கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வண்டியை வாளித் தண்ணீரில் அமிழ்த்துவார். எடுத்துத் திறந்தால் மூடியின் உட்புறம் ஈரமாகவே இருக்கும்.

“அண்ணே, இது பீரங்கி வண்டியா, தண்ணி டேங்கா?” என்று ஒருநாள் கூடவே குடியிருந்த தம்பி சிரித்தான்.

மூடிக்கு ரப்பர் வளையம் வாங்கித் தந்தவன் அவன். வேண்டுமென்றே ஓட்டை வளையத்தைத் தந்துவிட்டான் என்று தெருவே கேட்க இவர் கத்தினார். தம்பி அன்றே எதிர்வீட்டுக்குக் குடிபோனான். அன்றுமுதல் இவருக்குச் சோறு இறங்கவில்லை. கூப்பிடவும் மனம் வரவில்லை.

இந்த ஞாயிறு குளித்து முடிப்பதற்குள் குழாய் வறண்டது. வாளியும் காலி. பூட்டிய வண்டியைச் சன்னலோரக் குளிர்ந்த கல்மீது வைத்துவிட்டு, சற்று நேரம் கழித்துத் திறந்தார். உள்ளே நீர்த்துளிகள்.

“தண்ணியே படலையே! எப்படி ஈரமாச்சு?”

மனைவி குளியலறையை எட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

“வெந்நீர் ஆவியை நீங்களே உள்ள வச்சு மூடிட்டு, தம்பியைத் துரத்திட்டீங்களே!”

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

“அண்ணன் வந்திருக்கேன்டா.”

உள்ளே தாழ்ப்பாள் போடும் ஓசை கேட்டது. டிவியின் சத்தம் கூடியது.

அவர் நடுத்தெருவுக்கு இறங்கினார்.

“எல்லாரும் கேளுங்க! என் தம்பி மேல தப்பே இல்ல. தப்பு என்னோடதுதான்!”

தெருவின் சன்னல்கள் திறந்தன. தம்பியின் சன்னல் திறக்கவில்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.