எலுமிச்சம்பழத்துக்கு நின்ற லாரி

கனகலட்சுமியின் தலையில் முளைப்பாரி கனக்கிறது. ஊருணியில் கரைக்கும்வரை அதை இறக்கிவைக்கக் கூடாது. ஊருணியோ சாலைக்கு அந்தப் பக்கம். பொழுதோ கருவேலங்காட்டுக்குள் விறுவிறுவென்று இறங்குகிறது. நடுவில், ஊர்ப்பாதையை வெட்டிக்கொண்டு கரிசலில் நூல் பிடித்தாற்போல் ஓடுகிறது புதுச்சாலை. திருச்சுழி லாரிகள் அலறிக்கொண்டு பறக்கின்றன. அந்தக் காற்றில் வெளிறிய முளைகள் சாய்கின்றன, குலவை பாதியில் அறுபடுகிறது. பின்னால் நிற்கும் பெண்கள் கால் மாற்றி மாற்றி நிற்கிறார்கள். "ரோமாபுரிக்காரனும் இப்பிடித்தான் சித்தி," என்கிறாள் பக்கத்தில் பாரியோடு நிற்கும் சுகப்பிரியா. கல்லூரியில் வரலாறு படிக்கிறவள். "கெல்ட்டு சனங்க நாட்டப் பிடிச்சு, நேரா ரோடு போட்டான்." "அந்தச் சனம் என்னடி செஞ்சுச்சு?" "அந்த ரோட்டோரத்துலயே அவுக சொந்தச் சாமிய வச்சுக் கும்பிட்டாக." கனகலட்சுமிக்குக் கழுத்து விண்விண்ணென்று தெறிக்கிறது. முன்னால் நிற்கும் பூசாரி அருஞ்சுனையைப் பார்த்துக் கத்துகிறாள். "மாமா, முச்சந்தியில போடுற பழத்த இங்க அறுத்துப் போடுங்க." "இது சந்தி இல்லையே தாயி?" "நம்ம பாதையும் இந்த ரோடும் வெட்டிக்கிருச்சுல்ல? சந்திதான், அறுங்க!" அவர் எலுமிச்சம்பழத்தை அறுத்து, குங்குமம் அப்பி, தார்மேல் எறிகிறார். இரண்டு பாதியும் உருண்டு, வருகிற லாரியின் வெளிச்சத்தில் சிவப்பாக மினுங்குகின்றன. இத்தனை பெண்களைக் கண்டும் வேகம் குறையாமல் வந்த லாரி, கிறீச்சிட்டுக் குலுங்கி, பழத்துக்கு ஒரு முழம் முன்னால் நிற்கிறது. ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். கனகலட்சுமி அவரைத் திரும்பிப் பார்க்காமல் தாரில் கால் வைக்கிறாள்.