பெயர் சொன்னால் ஏறலாம்

தொண்டர் தீயணைப்புப் படையின் வரலாற்றை ஆனந்தகிருஷ்ணன் தன் பேச்சில் வைக்கோல் கொட்டகை எரிந்த 1969 வரை கொண்டுவந்திருந்தபோது, தீயணைப்பு நிலையத்தின் கூரைமேல் ஒலிபெருக்கி கரகரத்தது.

அவருக்கு நடந்த வழியனுப்பு விழா அது. ஐம்பத்தைந்து வயதானால் படையிலிருந்து விலகிவிட வேண்டும். நாளை அவருக்கு ஐம்பத்தைந்து.

கூட்டம் பேச்சை மறந்து கூரையைப் பார்த்தது. படைத் தலைவர் லாபெர்ஜ், மற்ற நேரத்தில் கசாப்புக் கடைக்காரர், கேக் வெட்டும் கத்தியோடு அப்படியே நின்றார்.

ஆனந்தகிருஷ்ணன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார்.

அந்தத் தலைக்கவசம் ஊரில் பிரசித்தம். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கல்லூரியில் அவர் மண்ணியல் பாடம் நடத்தும்போது மேசைமேல் இருக்கும். மாண்ட்ரியலில் யார் வீட்டுக் கொலுவுக்குப் போனாலும் காரின் பின்கண்ணாடியில் தெரியும்படி இருக்கும்.

அதில் ஒரு கீறல்கூடக் கிடையாது. வைக்கோல் கொட்டகைக்குப் பிறகு அவரை ஒரு தீக்கும் யாரும் கூப்பிட்டதில்லை.

கொட்டகை எரிந்த அன்றைக்கு ஊரே திரண்டது. எல்லாரும் உத்தரவு போட்டார்கள். குழாயைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

ஆனந்தகிருஷ்ணன் உள்ளே போய், ஈர வைக்கோல் ஏன் தானாகவே பற்றிக்கொள்கிறது என்று கொட்டகைக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது காரணத்துக்கு வரும்போது கூரை இறங்கியது. லாபெர்ஜ் அவர் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். புருவம் மட்டும் போயிற்று. பொங்கலுக்குள் முளைத்துவிட்டது.

மறுநாள் படை புதிய விதி செய்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்தான் வண்டியில் ஏறலாம். கூப்பிட்டால் ஏறியே தீர வேண்டும். அதற்கு எப்போதும் ஆள் இருக்கும் வீடு ஒன்று வேண்டும். அங்கே தொலைபேசியும் மைக்கும் வைக்க வேண்டும்.

நிலையத்துக்கு எதிர்வீட்டு அலமு முதலில் கை தூக்கினாள். ஆனந்தகிருஷ்ணனின் மனைவி.

அதன் பிறகுதான் ஒரு சிக்கல் இருப்பது தெரிந்தது. அலமு கணவர் பெயரைச் சொல்ல மாட்டாள்.

லாபெர்ஜ் வீட்டுக்கே வந்து கேட்டார். 'சொல்லேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் ஆனந்தகிருஷ்ணன். அவர் இது இரண்டாயிரம் வருஷப் பண்பாடு என்று முக்கால் மணி நேரம் எடுத்துச் சொன்னார். லாபெர்ஜ் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். ஆனந்தகிருஷ்ணனுக்கு அதற்கு மேல் பின்வாங்க வழியில்லை.

எண் வைத்துக் கூப்பிடலாமே என்று பிற்பாடு ஒருநாள் அலமுவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"எண்ணைச் சொன்னாலும் உங்களைச் சொன்ன மாதிரிதானேன்னா?" என்று அலமு காதைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது ஒலிபெருக்கியில் அவள் குரல், ஆற்றங்கரைப் படகுக் கொட்டகையில் புகை என்றது.

"ரோஷோன்."

முடிதிருத்துகிறவர் எழுந்து ஓடினார்.

"மெனார்."

பெட்ரோல் பங்க்காரர் ஓடினார்.

அடுத்த பெயர் வர வேண்டும். எல்லாரும் ஆனந்தகிருஷ்ணனைப் பார்த்தார்கள். அவர் தாடைப்பட்டியை இறுக்கிக்கொண்டார். இனி நாளைக்குத் தீப்பிடித்து என்ன பயன்?

அலமு மூச்சு விடுவது ஊருக்கே கேட்டது.

"லாபெர்ஜ்."

லாபெர்ஜ் கத்தியை ஆனந்தகிருஷ்ணனின் கையில் கொடுத்தார். "பண்பாடு, டாக்டர்" என்றார் மரியாதையாக. ஓடினார்.

வெளியே வண்டி குளிரில் கிளம்ப மறுத்து இருமிக்கொண்டிருந்தது. ஆனந்தகிருஷ்ணன் வாசலில் வந்து நின்றார், கையில் கத்தியோடு.

அப்போது ஒலிபெருக்கி மறுபடி பேசியது. அலமு மைக்கை அணைக்க மறந்திருந்தாள். வீட்டுத் தொலைபேசியில் யாரிடமோ தமிழில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆனந்தகிருஷ்ணனா? ஒரு கீறல் இல்லாம ரிடையர் பண்ணிட்டேன்டி கமலினி. வைக்கோல் கொட்டகைக்குள்ள நின்னுண்டு பாடம் எடுத்தவனாச்சே, விட்டா எரிஞ்சுன்னா போயிருப்பான்! இன்னிக்குத்தான் பாவமா இருந்தது. பேர் வாய் வரைக்கும் வந்துடுத்து."

ஊரில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்களுக்கு முதல் வார்த்தை மட்டும் புரிந்தது.

வண்டி ஒருவழியாகக் கிளம்பி, அவர் முன்னால் வந்து நின்றது. லாபெர்ஜ் தொப்பியைக் கழற்றியிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"மேடம் என்ன சொன்னாங்க, டாக்டர்?"

ஆனந்தகிருஷ்ணன் கொஞ்சம் யோசித்தார். எதையும் முக்கால் மணி நேரம் விளக்கக்கூடியவர்.

"சீக்கிரம் போகச் சொல்றா" என்று மொழிபெயர்த்துவிட்டு, கத்தியைக் கீழே வைத்து, வண்டியில் ஏறிக்கொண்டார்.

எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னல் படாரென்று திறந்தது.

"ஏன்னா!" என்று ஒலிபெருக்கி அலறியது.

அது படையில் யாருடைய பெயரும் இல்லை. வண்டி நிற்கவில்லை.