மேடையில் ஒரு சோடா

மேடை மேஜையில் நின்ற கோலி சோடாவுக்கு ஒரே மனக்குறை. கூட்டம் கைதட்டுவது எப்போதும் மைக்கைப் பார்த்துத்தான்.

“பேசத் தெரியாத நீ எதுக்கு மேடையேறி நிக்கற?” என்று மைக் வேறு சீண்டியது.

அன்று, ஊருக்கு பஸ் விடச் சொல்லிக் கூட்டம். பேச வந்த செங்கமலத்துக்கு அதுதான் முதல் மேடை. மனப்பாடம் செய்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். ஆட்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழ ஆரம்பித்தார்கள். பதற்றத்தில் அவளுக்குத் தொண்டை வறண்டது. சோடாவை எடுத்து மைக்குக்குப் பக்கத்திலேயே வைத்து உடைத்தாள்.

“டப்!”

ஒலிபெருக்கி அதிர்ந்தது. எழுந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சோடாவைக் குடித்துக்கொண்டே அவள் முதல்முறையாகக் கூட்டத்தின் முகங்களைப் பார்த்தாள். முன்வரிசையில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி.

“வலி எடுத்தா எதுல போவ தாயி?” என்று மெதுவாகக் கேட்டாள்.

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு அவள் காகிதத்தைத் தொடவே இல்லை. கடைசியில் கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

“எப்படிப் பேசினேன், பார்த்தியா?” என்று நெஞ்சை நிமிர்த்தியது மைக்.

காலியாகக் கிடந்த சோடா, கோலியை உருட்டிக்கொண்டு சிரித்தது.

“நானும்தான் பேசினேன். ஒரே ஒரு வார்த்தை.”