தனித் தட்டு

"எது ரொம்ப நாள் உழைக்கும்னு உனக்குத்தான் தெரியும், வா" என்று வத்சலா கடைக்கு அழைத்துப் போனபோது மரகதத்துக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பதினோரு வருஷமாக வத்சலா வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள் அவள். சமையல் மேடைக்கு அடியில் பொருத்துகிற டிஷ்வாஷர்கள் வரிசையாக நின்றன. இருப்பதிலேயே விலை குறைந்ததன் கதவை மரகதம் விரலால் தட்டிப் பார்த்தாள்.

"வெறும் தகரம்மா இது. நம்ம குக்கரைத் தாங்காது. அடுத்ததை எடுங்க, கொஞ்சம்தானே கூட."

"அது பத்து வருஷம் உழைக்கும், மேடம்" என்றான் கடைக்காரன்.

"இவளே பதினோரு வருஷம் உழைச்சுட்டா" என்று வத்சலா சிரித்தாள். மரகதமும் கூடவே சிரித்துவைத்தாள்.

மேடைக்கு அடியில் மரகதத்தின் தட்டும் தம்ளரும் தனியாக இருந்த இடத்தில் மெஷின் வந்து உட்கார்ந்தது. மறுநாள் காலை எல்லாப் பாத்திரங்களையும் அவளேதான் உள்ளே அடுக்கினாள். கடைசியாக, தான் சாப்பிட்ட தட்டையும் ஓரமாகச் செருகினாள். வத்சலா அதை இரண்டு விரலால் உருவி எடுத்து நீட்டினாள்.

"இதை எல்லாத்தோடயும் போடாதே. பின்னாடி குழாயில கழுவிக்கோ."

மரகதம் கழுவினாள். அன்றைக்கு அந்த வீட்டில் அவள் கழுவ வேண்டியிருந்த பாத்திரம் அது ஒன்றுதான்.