சொதிக்குப் போன பாலும் மிஞ்சிய சக்கையும்

கடைசிச் சொட்டுவரை பிழிந்த தேங்காய்ச் சக்கை வடிகட்டியில் சுருண்டு கிடந்தது. சொதிக் குழம்புச் சட்டிக்குள் இறங்கப்போன தேங்காய்ப்பால் திரும்பிப் பார்த்து, "உன் சோலி முடிஞ்சுதுல்லா, போய்ப் படு" என்றது.

"இனி எனக்குக் குப்பைக்கூடைதான்" என்று சக்கை முனகியது.

"அலுத்துக்காதே. சமைக்கிற செண்பகவல்லி இன்னும் கை கழுவலை" என்றது வடிகட்டி.

சொன்னபடியே அவள் சக்கையை ஒட்ட வழித்தெடுத்து, பீன்ஸ் பொரியலில் தூவிக் கிளறி இறக்கினாள். மதியம் சொதிச் சோற்றோடு அந்தப் பொரியலையும் சேர்த்துப் பிசைந்தாள்.

"நீயா?" என்றது பால். பழைய மிடுக்கு இல்லை. "சட்டி நிறையக் காய்கறி. தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இல்லை."

முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் சக்கை நினைத்தது. அதற்குள் பாலை முழுசாக உறிஞ்சிவிட்டிருந்தது.